தானாக இறங்கிய மீற்றர் முள்

அன்றைக்கு அந்தப் பாடசாலை வானை நான் "போகலாம்" என்று விட்டது, மீற்றர் முள் நடுவில் நின்றதாலா, அல்லது வதனி "விடவேண்டாம்" என்று சொன்னதாலா? ஒன்றரை வருடமாகிறது. குசினியில் சமைக்கும்போதும் மகளுக்குத் தலை பின்னும்போதும் இந்தக் கேள்வி வந்து நிற்கிறது. ஒரு நாள் முதலாவதுதான் காரணம் என்று தோன்றும். மறுநாள் இரண்டாவது என்று தோன்றும். இன்னும் எனக்கு விடை தெரியாது.

கராஜின் முன்மேசைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்கள் மூன்று பேருக்கும் என் வேலை அனுபவங்களை எழுதித் தரும்படி வதனி கேட்டாள். "அக்கா, உங்களுக்குத்தான் வடிவா எழுத வரும். எனக்குக் கதைக்க மட்டும்தான் தெரியும்" என்றாள். பாராட்டாகத்தான் சொன்னாள். நான் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, உள்ளே ஏதும் குத்தல் இருக்கிறதா என்று பத்துத் தரம் புரட்டிப் பார்த்தேன். என் குணம் அப்படி. எழுதத் தொடங்கும்போதே சொல்லிவிடுகிறேன்.

வேலையிலிருந்து நின்று எட்டு மாதம். முப்பத்திரண்டு வயதில், ஓய்வுபெற்ற பெரியவரைப்போல உங்களுக்குப் புத்தி சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் அந்த மேசையில் ஆறு வருடம் இருந்தவள் நான். வாகனத்தின் வேலை விபரம் எழுதும் ஜொப் காட்டை நிரப்புவதும், உதிரிப்பாகங்களின் பெயர்களும், எந்த மெக்கானிக்கிடம் எப்போது பேசக்கூடாது என்பதும் ஒரு மாதத்தில் உங்களுக்குப் பழகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன். டாஷ்போட்டைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். அதில்தான் நான் கெட்டிக்காரி என்று நினைத்திருந்தேன்.

பழைய லொறிகளின் டாஷ்போட்டைப் பார்த்திருப்பீர்கள். எண்ணெய் அழுத்தத்துக்கு ஒரு முள், பற்றரிக்கு ஒரு முள், தண்ணீரின் சூட்டுக்கு ஒரு முள். ஓட்டுபவருக்கு எல்லாம் தெரியவேண்டும் என்று நினைத்தவர்கள் செய்தது அது. இப்போது வருகிற சின்னக் கார்களில் சூட்டுக்கு முள்ளே இல்லை. குளிராக இருந்தால் நீல விளக்கு, கொதித்தால் சிவப்பு விளக்கு. இடையில் என்ன நடக்கிறது என்று யாரும் உங்களுக்குச் சொல்லமாட்டார்கள். முள் இருக்கும் வாகனங்களில்கூட ஒரு தந்திரம் இருக்கிறது. தண்ணீரின் சூடு கொஞ்சம் ஏறினாலும் இறங்கினாலும் முள் அசையாமல் நடுவிலேயே நிற்கும்படி செய்திருக்கிறார்கள். முள் ஆடினால் மக்கள் பயந்து கராஜுக்கு ஓடிவருகிறார்கள் என்பதால் அப்படி. முள் நகரத் தொடங்கும்போது ஏற்கெனவே நேரம் கொஞ்சம் போயிருக்கும். இதை நான் தொழில்நுட்பக் கல்லூரியில் படித்தேன். சோதனையிலும் எழுதினேன்.

இன்னொரு தொல்லை, ஜப்பானிலிருந்து வரும் பாவித்த வாகனங்கள். திரையில் ஜப்பான் எழுத்து. திறப்பைத் திருப்பியதும் ஒரு பெண் குரல் ஜப்பான் மொழியில் ஏதோ சொல்லும். எங்களிடம் வந்த ஒரு ரீச்சர் ஒவ்வொரு காலையும் அந்தக் குரலுக்கு "ஓம், ஓம்" என்று பதில் சொல்லிவிட்டுத்தான் கியரைப் போடுவாராம். சிரித்தோம். ஆனால் அதே ரீச்சர் மஞ்சள் விளக்கு ஒன்றையும் இரண்டு மாதம் "ஓம், ஓம்" என்றே பார்த்துக்கொண்டு ஓடியிருக்கிறார்.

அதற்குப் பிறகுதான் நான் அந்தத் தாளைத் தயாரித்தேன். டாஷ்போட்டில் எரியும் இருபத்துநான்கு அடையாளங்களையும் படமாகப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் தமிழிலும் சிங்களத்திலும் விளக்கம் எழுதி, சூட்டு முள்ளைப் பற்றியும் ஒரு வரி போட்டு, அடியில் என் தொலைபேசி இலக்கத்தையும் சேர்த்து, லமினேட் பண்ணி, வாகனம் எடுக்க வருபவர்கள் எல்லோருக்கும் கொடுத்தோம். மனேஜர் ஒன்றைச் சுவரிலும் ஒட்டினார். "மிஸ் எழுதின தாள்" என்றார்கள். அந்தச் சுவரைப் பார்த்தபடி என் கதிரையைத் திருப்பிப் போட்டுக்கொண்டேன்.

பிறகு வதனி வந்தாள்.

இன்றைக்கு உங்களுக்குப் பொறுப்பாக இருக்கும் அதே வதனிதான். கடலோரத்துச் சல்லிக் கிராமத்திலிருந்து சைக்கிளில் வருவாள். சாதாரணதரப் பரீட்சை வரைதான் படிப்பு. வந்த முதல் கிழமையே என் தாளை ஒருவரிடம் கொடுக்கும்போது இப்படிச் சொன்னாள்: "ஐயா, இதை வீட்ட போய் ஆறுதலா வாசியுங்கோ. இப்ப மூண்டு விசயம் போதும். சிவப்பெண்டா நிப்பாட்டுங்கோ. மஞ்சளெண்டா எங்களிட்ட வாங்கோ. பச்சையும் நீலமும் சும்மா வடிவுக்கு."

"நீலம் வடிவுக்கில்லை வதனி. எஞ்சின் குளிரா இருக்கெண்டு அர்த்தம். அதோட ஓடக்கூடாது" என்றேன்.

"பாத்தீங்களே ஐயா, அக்கா எல்லாம் படிச்சவ. எனக்கு மூண்டுதான் தெரியும்" என்று சிரித்தாள். அவரும் சிரித்தார். அடுத்த முறை அவர் வந்தபோது என்னிடம் வரவில்லை. "சிவப்பு மஞ்சள் பிள்ளை நிக்குதோ?" என்று கேட்டுக்கொண்டு வந்தார்.

அவள் வாகனத்தைப் பார்க்கும் விதமும் எனக்கு எரிச்சலாக இருந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க நான் நேரே டாஷ்போட்டுக்குப் போவேன். அவள் முதலில் வாகனத்தைச் சுற்றி நடப்பாள். மணந்து பார்ப்பாள். குனிந்து கீழே பார்ப்பாள். மெக்கானிக்மார் ஏனென்று கேட்டதற்கு, தேத்தண்ணி நேரத்தில் எல்லோர் முன்னாலும் சொன்னாள்: "அப்பாட மீன்பிடி போட் எஞ்சினில மீற்றர் ஒண்டும் இல்லை. பின்பக்கத்தால சின்னப்பிள்ளை மூத்திரம் பெய்யிற மாதிரி ஒரு தண்ணி போகும். அது போனா எஞ்சின் சுகம். நிண்டா எஞ்சின் செத்துது. நாங்கள் அந்தத் தண்ணியைப் பாத்துத்தான் வளந்தனாங்கள்."

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள் சொன்னது சரியான விஷயம்: எஞ்சினைக் குளிர்விக்கும் கடல்தண்ணீர் வெளியே வருகிறதா என்று பார்ப்பது. இதை என் புத்தகம் அரைப் பக்கத்தில் சொல்லும். அவள் ஒரு வசனத்தில் சொன்னாள், ஒருவரும் மறக்கவில்லை. என் தாளில் இருக்கும் இருபத்துநான்கில் எத்தனை இவர்களுக்கு நினைவிருக்கும் என்று எண்ணிக்கொண்டே தேத்தண்ணியைக் குடித்தேன்.

பொறாமையைப் பற்றி ஒருவரும் வேலைக்கு வரும்போது சொல்லித்தருவதில்லை. அது பெரிய கோபமாக வராது. சின்னச் சின்னக் கணக்காக வரும். மனேஜர் இன்று எத்தனை தரம் "வதனியைக் கேளுங்கோ" என்றார்? யார் அவளுக்குத் தின்னக் கச்சான் கொண்டுவந்தார்கள்? ஒரு நாள், வீட்டில் பிள்ளையைப் பார்க்கும் மாமி கந்தளாய்க்குப் போய்விட்டதால் மகளை வேலைக்குக் கொண்டுவந்தேன். பிள்ளை முகம் வாடியிருந்தது. காய்ச்சல் பார்க்கும் கருவியை மூன்று தரம் கமக்கட்டில் வைத்தேன். மூன்று தரமும் மூன்று எண் காட்டியது. நான் நாலாம் தரம் வைக்கப்போக, வதனி பிள்ளையின் கழுத்தில் புறங்கையை வைத்து, "காய்ச்சல் இல்லை அக்கா, நித்திரை" என்றாள். தூக்கி மடியில் போட்டாள். இரண்டு நிமிடத்தில் பிள்ளை உறங்கிவிட்டது. என் பிள்ளை. என்னிடம் உறங்க முக்கால் மணித்தியாலம் எடுக்கும் பிள்ளை.

அன்று பின்னேரம் முழுவதும் நான் வதனியோடு கதைக்கவில்லை. ஏனென்று அவளுக்கு விளங்கியிருக்காது. விளங்கியிருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

இனி வான் விஷயத்துக்கு வருகிறேன்.

கிண்ணியாவிலிருந்து ஒரு நானா எங்களிடம் வானைக் கொண்டுவருவார்; முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்போம். பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றி இறக்குவதுதான் அவருடைய தொழில். வானை மினுக்கி வைத்திருப்பார். என் தாளைப் பத்திரமாக வைத்திருந்த சிலரில் அவரும் ஒருவர். ஓட்டுநர் பக்கத்து வெயில்தட்டியில் செருகியிருந்தார். அதற்காகவே எனக்கு அவர்மேல் ஒரு விருப்பம் இருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை, எஞ்சின் சூடாகிறது என்று வானைக் கொண்டுவந்து விட்டார். மெக்கானிக்மார் றேடியேற்றர் ஹோஸ் குழாய் ஒன்றை மாற்றித் தண்ணீர் நிரப்பினார்கள். புதன் காலை பத்து மணிக்கு எடுக்க வந்தார். கூடவே அவருடைய ராத்தாவும் வந்திருந்தா. அக்காவை அவர்கள் ராத்தா என்பார்கள். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, ஆஸ்பத்திரியில் எழுதித் தந்த துண்டை இரண்டு கையாலும் பிடித்தபடி மர வாங்கில் இருந்தா. கண் ஒப்பரேஷன். பின்னேரம் கண்டியில் வார்ட்டில் சேர்க்கவேண்டும். தவறினால் திகதி போய்விடும்.

வாகனத்தைக் கொடுக்கும்போது எங்களிடம் ஒரு ஒழுங்கு இருந்தது. இப்போதும் இருக்கும். கால் மணித்தியாலம் எஞ்சினை ஓடவிட்டு, டாஷ்போட்டைப் பார்த்து, ஜொப் காட்டில் எழுதி, முன்மேசையில் இரண்டு பேர் கையெழுத்திட வேண்டும். நான் பார்த்தேன். முள் மெல்ல ஏறியது. நடுவைத் தாண்டிக் கொஞ்சம் மேலே போனது. பிறகு இறங்கி நடுவில் வந்து நின்றது. எஞ்சின் சூடானதும் உள்ளே வால்வு திறந்து தண்ணீர் ஓடத் தொடங்கினால் முள் இப்படித்தான் ஏறி இறங்கும். படித்த விஷயம். கையெழுத்து வைத்தேன்.

வதனி வந்தாள். வழமைபோல ஒரு சுற்று நடந்தாள். பிறகு கதவைத் திறந்து ஹீற்றரை முழுவதும் திருப்பினாள். எங்கள் வெயிலுக்கு ஹீற்றரை யாரும் தொடுவதில்லை. எஞ்சினின் சூடான தண்ணீர் அதற்குள்ளும் ஓடினால்தான் சூடான காற்று வரும்.

"என்ன புள்ள, எங்கள அவிக்கப் போறியா?" என்றார் நானா. அப்போது அவருடைய தொலைபேசி அடித்தது. கதைத்துக்கொண்டே வாசல் பக்கம் போனார்.

காற்று வரும் இடத்தில் கையை வைத்தபடி வதனி நின்றாள். "அக்கா, இஞ்ச கை வைச்சுப் பாருங்கோ. குளிராத்தான் வருது. முள்ளு சூடெண்டுது, காத்துச் சூடில்லை. தண்ணி சுத்தேல்லப்போல. ஒரு மணமும் வருது. விடவேண்டாம்."

நான் கையை வைக்கவில்லை.

"ஹீற்றர் பாவிக்காமக் கிடந்து அதைத் திறக்கிற உள்வயர் இறுகியிருக்கும்" என்றேன். "முள்ளு ஏறி இறங்கி நடுவில நிக்குது. இதைவிட என்ன வேணும்?"

"இருக்கலாம் அக்கா. ஆனா ஆறவிட்டு றேடியேற்றர் மூடியைத் திறந்து ஒருக்காப் பாப்பமே. ஒரு மணித்தியாலம்தானே."

"ஒரு மணித்தியாலத்தில அவையின்ர திகதி போயிடும். நீர் கையெழுத்தை வையும்."

"நான் வைக்கேல்ல அக்கா" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள்.

ஒன்றைக் கவனியுங்கள். நான் சொன்ன விளக்கம் பொய்யல்ல. பழைய வான்களில் அந்த வயர் இறுகுவது சாதாரணம். அவசரமும் பொய்யல்ல. பொய் சொல்லியிருந்தால் எனக்கே தெரிந்திருக்கும், இந்தக் கேள்வியும் இருந்திராது. நான் சொன்னதெல்லாம் நியாயமாக இருந்தது. கையை நீட்டி அந்தக் காற்றைத் தொட்டுப் பார்க்க ஒரு நிமிடம்கூடத் தேவையில்லை. அது ஒன்றைத்தான் செய்யவில்லை.

நானா திரும்பி வந்தார். ராத்தா வாங்கிலிருந்து எழும்பினா. ஜொப் காட்டைக் கையில் வைத்துக்கொண்டு நான் கதவருகில் நிற்கிறேன். அவர் என்னைத் தாண்டி வதனியைப் பார்த்து, "நீ சொல்லு புள்ள, போகலாமா?" என்றார்.

வதனி வாயைத் திறந்தாள்.

"போகலாம் நானா" என்றேன் நான்.

வான் வாசலைத் தாண்டி வளைந்து, துறைமுகத்து மதிலோடு போய் மறைந்தது. வதனி என்னைப் பார்க்கவில்லை. ஹீற்றர்க் காற்றுப் பட்ட கையைச் சட்டையில் துடைத்துவிட்டு உள்ளே போனாள்.

பின்னேரம் தொலைபேசி வந்தது. என் இலக்கம் தாளின் அடியில் அச்சடித்து அவர் தலைக்கு மேலேயே இருந்தது. அவர் வதனிக்குத்தான் எடுத்தார். கந்தளாய் தாண்டி, ஹபரணைக்கு முன்னால், இரண்டு பக்கமும் காடான இடத்தில் எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. அந்த நேரத்திலும் எனக்கு முதலில் வந்த நினைப்பு, ஏன் எனக்கு எடுக்கவில்லை என்பதுதான். ராத்தா வெயிலில் றோட்டோரம் நிற்பது இரண்டாவதாகத்தான் வந்தது. இதை எழுத எனக்குக் கை கூசுகிறது. ஆனால் அந்த ஒழுங்கில்தான் வந்தது.

அவர்கள் பஸ் பிடித்துக் கண்டி போய்ச் சேர்ந்தது மறுநாள். ஆஸ்பத்திரியில் வேறு திகதி கொடுத்தார்கள். மூன்று மாதம் கழித்து ஒப்பரேஷன் நடந்தது. இப்போது ராத்தாவுக்குக் கண் நன்றாகத் தெரிகிறது. ஆனால் அந்த மூன்று மாதமும் வீட்டுக்குள் சுவரைத் தடவித்தான் நடந்தாவாம்.

மனேஜர் நானாவையும் எங்கள் இருவரையும் கூப்பிட்டு விசாரித்தார். வழியில் என்ன நடந்தது என்று நானா சொன்னார். கந்தளாயைத் தாண்டும்போது முள் சிவப்புக் கோட்டுக்குக் கிட்டப் போனதாம். நிறுத்தத்தான் ஓரம் கட்டினாராம். நிறுத்துவதற்குள் முள் தானாக இறங்கிவிட்டதாம்.

"மிஸ்ட தாள எடுத்துப் பாத்தேன் சேர். முள்ளு ஏறித் தானா எறங்கி நடுவுல நிண்டா பயப்படத் தேவல்லண்டு இருந்திச்சி. அல்ஹம்துலில்லாஹ்ண்டு ஓடினேன். கடைசி வரைக்கும் முள்ளு நடுவுக்குக் கீழதான் நிண்டிச்சி. அல்லாஹ்மேல ஆணையாச் சொல்றேன்."

மனேஜர் தலையை ஆட்டினார். "நானா, எஞ்சின் உருகிற அளவுக்குச் சூடாகியிருக்கு. முள்ளு கீழ நிண்டதெண்டா யார் நம்புவினம்? நீங்கள் கதைச்சுக்கொண்டு போயிருப்பீங்கள், பாத்திருக்கமாட்டீங்கள்."

நானா சொன்னது முழுவதும் உண்மை என்று அந்த அறையில் எனக்குத் தெரியும். முள்ளை அசைக்கும் உணரி தண்ணீருக்குள் நிற்கவேண்டும். தண்ணீர் போய்விட்டால் அது வெறுமையில் நிற்கும். சூட்டை அறியாது. முள் இறங்கும். எஞ்சின் எரிந்துகொண்டிருக்கும்போது டாஷ்போட் எல்லாம் சுகம் என்று காட்டும். இதைக் கல்லூரியில் படித்திருக்கிறேன். தாளைத் தயாரிக்கும்போது இதற்கும் இரண்டு வரி எழுதினேன். இடம் போதவில்லை, மக்கள் குழம்பிவிடுவார்கள் என்று வெட்டினேன். இந்த ஊரில் மீற்றர் பார்க்காமல் ஓடுபவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் மணத்தை உணர்ந்தோ சத்தத்தைக் கேட்டோ நிறுத்தியிருப்பார்கள். நானா பார்த்தார், என் தாளையும் வாசித்தார், அதன்படி நடந்தார்.

"ஜொப் காட்டில மற்றக் கையெழுத்தைக் காணேல்லையே?" என்றார் மனேஜர்.

"வதனி சும்மா வந்து எட்டிப் பாத்ததோட சரி சேர், அவ பரிசோதிக்கேல்ல" என்றேன்.

வதனி என் பக்கத்தில் நின்றாள். மனேஜர் அவளைப் பார்த்தார். நானாவும் பார்த்தார். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு, "அக்காதான் பாத்தவ சேர்" என்று மட்டும் சொன்னாள்.

அதோடு விசாரணை முடிந்தது. புது ஹோஸ் வழியில் கழன்றிருக்கலாம், ஆனால் மீற்றரைப் பார்க்காதது ஓட்டுநரின் பிழை என்று தீர்த்தார்கள். பழகிய வாடிக்கையாளர் என்பதால் மனேஜர் வேறொரு எஞ்சினைப் பூட்டிக் கொடுத்தார். அது எல்லோருக்கும் பெரிய மனதாகத் தெரிந்தது.

கை கழுவும் இடத்தில் வதனியைப் பிடித்து, "ஏன் நீர் சொல்லேல்ல?" என்று கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன், அவள் பிழை செய்ததுபோல.

"நீங்கள் சொல்லுவீங்களெண்டு பாத்துக்கொண்டு நிண்டனான் அக்கா. பிறகு அந்த நேரம் போயிட்டுது." சவர்க்காரத்தை என் பக்கம் தள்ளிவிட்டாள். "வேலை போனா நீங்கள் சின்னப்பிள்ளையோட என்ன செய்யிறது?"

என்னைக் காட்டிக்கொடுத்திருந்தால் அவளை வெறுக்க எனக்கு ஒரு காரணம் கிடைத்திருக்கும். அதையும் அவள் தரவில்லை. வாகனம் பார்ப்பதில் மட்டும் என்னை முந்தினாள் என்றால் பொறுத்திருப்பேன். இதிலும் முந்தினாள். அன்று இரவுச் சாப்பாட்டுக்கு இருந்தபோது அவருக்கு, என் கணவருக்கு, எல்லாவற்றையும் சொன்னேன். "வதனி நல்ல பிள்ளை" என்றார். சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழும்பிவிட்டேன்.

அதற்குப் பிறகும் பத்து மாதம் அதே மேசையில் இருந்தேன். ஒவ்வொரு வாகனத்துக்கும் ஹீற்றரைப் போட்டுப் பார்த்தேன், யாரும் பார்க்காத நேரத்தில். பிறகு பிள்ளையைக் காரணம் காட்டி நின்றுவிட்டேன். அந்த இடம் அவளுக்குக் கிடைத்தது.

உங்களுக்குச் சொல்ல நினைத்த தொழில் விஷயம் இவ்வளவுதான். முள் நல்ல சாட்சி, ஆனால் ஒரு சாட்சி. அது சொல்வதை வேறொன்றால் சரிபாருங்கள்: கையால், மூக்கால், காதால். தானாக ஏறியது தானாக இறங்கினால் ஆறுதலடைய முன்னர் ஏனென்று கேளுங்கள். பக்கத்தில் நிற்பவர் கையெழுத்து வைக்க மறுத்தால், அவர் யார், எவ்வளவு படித்தவர், காலையில் உங்களோடு எப்படி இருந்தார் என்பதையெல்லாம் விட்டுவிட்டு, அவர் கை வைத்த இடத்தில் நீங்களும் ஒருமுறை கை வையுங்கள். என் தாள் இன்னும் சுவரில் இருந்தால் கழற்றிவிடுங்கள். வெட்டிய இரண்டு வரியையும் சேர்த்து வேறொன்று எழுதித் தருகிறேன்.

இத்தோடு நிறுத்தத்தான் இருந்தேன். போன கிழமை நடந்ததையும் எழுதவேண்டியிருக்கிறது.

மகளை அடுத்த தவணை முன்பள்ளிக்கு விடுகிறோம். அன்புவழிபுரத்தில் எங்கள் ஒழுங்கையிலிருந்து மகளோடு ஏழு பிள்ளைகள் போகிறார்கள். ஒரு வான் பிடிக்கவேண்டும். நானா கேட்டு வந்திருக்கிறார். அந்த விஷயத்துக்குப் பிறகு கிண்ணியாப் பக்கத்தில் ஒவ்வொருவராகப் பிள்ளைகளை வேறு வானுக்கு மாற்றிவிட்டார்களாம். "மீற்றர் பார்க்காத நானா" என்று பெயர் வந்துவிட்டது. இப்போது பாதி வான் வெறுமையாக ஓடுகிறது.

முன்பள்ளிப் படலையில் அம்மாமார் கதைத்துக்கொண்டு நின்றோம். "அந்த ஆள் எஞ்சினை எரிச்ச ஆளாம். எங்கட பிள்ளையளை எப்பிடி விடுறது?" என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி என் பக்கம் திரும்பினாள். "நீர் அந்த கராஜிலதானே வேலை செய்தனீர்? உமக்குத்தானே தெரியும். நல்ல ஆளோ?"

ஆறு முகமும் என்னைப் பார்த்தன. "யோசிச்சுச் செய்யுங்கோ" என்றேன்.

யோசித்துச் செய்யுங்கள். இதைப்போல ஒழுக்கமான வசனம் வேறு இல்லை. மனேஜரின் அறையில் சொன்னதைவிடச் சின்னப் பொய், அதே வேலையைச் செய்யும்.

அடுத்த நாள் நானாவே வாசலுக்கு வந்தார். உள்ளே வரச் சொன்னேன், படியிலேயே நின்றார். என் மகளுக்கு மஸ்கட் இனிப்புக் கொண்டுவந்திருந்தார். "மிஸ், நீங்க மீற்றர் தெரிஞ்ச ஆள். நான் பாத்துத்தான் ஓடினேண்டு ஒங்களுக்கு வெளங்கும். திங்கக்கிழமை கூட்டத்துல அம்மாமார்க்கிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க. ஒங்க சொல்லக் கேப்பாங்க." வதனி தடுத்தது அவருக்குத் தெரியாது. அவர் அந்த நேரம் தொலைபேசியில் நின்றார். நான் அவசரத்தில் நல்ல மனதோடு விட்டதாகத்தான் இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

சொல்கிறேன் என்று அவருக்குச் சொல்லிவிட்டேன். திங்கள் காலை ஒன்பது மணிக்குக் கூட்டம். அவர் மீற்றரைப் பார்த்தார், என் தாள் அவரை ஏமாற்றியது, பிழை என்னுடையது என்று சொல்லப்போகிறேன். கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தேன். வார்த்தை வருகிறது. கொஞ்சம் அழகாகக்கூட வருகிறது. தன் பிழையை ஒத்துக்கொள்ளும் பெண் என்று அவர்கள் என்னை மதிக்கவும் கூடும்.

ஆனால் யாராவது ஒருத்தி கேட்பாள்: "அப்ப ஒருத்தரும் பாக்கேல்லையோ? ஒருத்தரும் சொல்லேல்லையோ?" அதற்குப் பதில், "வதனி பார்த்தாள், வதனி சொன்னாள், அவள் சொன்னதுதான் சரி." இந்த மூன்று சிறிய வசனங்களைக் கண்ணாடி முன்னால் எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்துவிட்டேன். மூன்றாவதில் நின்றுவிடுகிறேன். இங்கே எழுத முடிந்துவிட்டது. உங்களிடம் வர முன்னர் இதை அவள்தான் வாசிப்பாள் என்பதும் தெரியும். ஆறு பேர் முன்னால் வாயால் சொல்லத்தான் ஏலாமல் இருக்கிறது.

நீங்கள் மூன்று பேரும் ஒரே மேசையில் இருக்கிறீர்கள். ஒருவரை மற்றவர் இப்போதே அளந்து பார்த்துக்கொண்டிருப்பீர்கள், மறைக்கவேண்டாம். நீங்கள் முந்த நினைக்கும் ஒருவர் சரியாக இருந்ததை, அவர் இல்லாத இடத்தில், மற்றவர்கள் கேட்க நீங்கள் எப்போதாவது சொல்லியிருக்கிறீர்களா? எந்தச் சொல்லில் தொடங்கினீர்கள்? தெரிந்தால் திங்களுக்கு முன் எனக்கு எழுதுங்கள். வதனியின் கையில் கொடுத்துவிட்டாலும் சரி, என்னிடம் வந்து சேரும்.